ஃபோனில் மட்டும் காணாமல் போகும் மெயில்: தவறு டிரான்சாக்‌ஷனில் எங்கே இருக்கிறது

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்காக நீங்களே ஒரு ஐமேப் மெயில் சர்வர் (ஃபோன் போன்ற க்ளையன்ட்கள் சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் நெறிமுறைதான் ஐமேப்) எழுதி, மெயில்களை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் வைக்கிறீர்கள். மூன்று தொல்லைகள். ஒன்று, எப்போதாவது ஒரு மெயில் வெப்மெயிலில் இருக்கிறது, ஃபோனில் மட்டும் வருவதே இல்லை. இரண்டு, எல்லா ஊழியர்களுக்கும் போகும் மெயில் வரும்போது லாகில் டெட்லாக் பிழை. மூன்று, பெரிய ஃபோல்டர் திறக்க நேரமாகிறது. டேபிள்களை எப்படி அமைப்பது, டிரான்சாக்‌ஷனை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். (பல மாற்றங்களை ஒரு கட்டாகச் செய்வதுதான் டிரான்சாக்‌ஷன்: கமிட் ஆனால் எல்லாம் பதிவாகும், இல்லையென்றால் எதுவும் பதிவாகாது.)

முதல் தொல்லைதான் முக்கியம். மற்ற இரண்டில் ஆட்கள் எரிச்சல்படுவார்கள், அவ்வளவுதான். முதலாவதில் ஒருவருக்கு வந்த மெயில் அவர் கண்ணில் படாமலே போகிறது, சர்வரிலும் எந்தப் பிழையும் பதிவாவதில்லை.

ஒவ்வொரு மெயிலுக்கும் ஐமேப் கேட்கும் அடையாள எண்ணான யுஐடியை, போஸ்ட்கிரஸின் சீக்வன்ஸிலிருந்து (கேட்கக் கேட்க அடுத்த எண்ணைத் தரும் வசதி) எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். நடப்பதை வரிசையாகப் பாருங்கள். ஒரே இன்பாக்ஸுக்கு இரண்டு மெயில்கள் வருகின்றன. முதலாவதில் 12 எம்பி இணைப்பு. அதன் டிரான்சாக்‌ஷன் சீக்வன்ஸைக் கேட்டு 100 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு, இணைப்பை எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, இரண்டே வரி. அது 101-ஐ வாங்கி உடனே கமிட் ஆகிவிடுகிறது. அந்த நொடியில் ஃபோன் வந்து புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கிறது. 101 தெரிகிறது. 100 இன்னும் கமிட் ஆகவில்லை, தெரியாது. ஃபோன் 101-ஐ இறக்கிக்கொண்டு, ‘கடைசியாகப் பார்த்தது 101’ என்று குறித்துக்கொள்கிறது. அரை நொடி கழித்து 100 கமிட் ஆகிறது. அடுத்த முறை ஃபோன் கேட்பது 102 முதல்தான். 100-ஐ அது இனிமேல் கேட்கவே கேட்காது.

ஃபோன் செய்தது முழுக்கச் சரி. ஐமேப்பின் 2003-ஆம் ஆண்டு விதிநூலான ஆர்எஃப்சி 3501-இலும், 2021-இல் வந்த 9051-இலும் யுஐடி பற்றிய வாக்குறுதி ஒன்றுதான்: பின்னால் சேரும் மெயிலுக்கு முன்னால் சேர்ந்ததைவிடப் பெரிய எண். நடுவில் இடைவெளி இருக்கலாம், 100-க்குப் பிறகு நேராக 250 வரலாம். ஆனால் க்ளையன்ட் பார்த்து முடித்த எண்ணுக்குக் கீழே ஒரு புதிய மெயில் முளைக்கக் கூடாது. சீக்வன்ஸ் தருவது எண் கொடுத்த வரிசை. க்ளையன்ட் பார்ப்பது கமிட் ஆன வரிசை. இரண்டும் ஒன்று என்று நினைத்ததில்தான் சறுக்கல்.

இதை நம்புவதற்கு ஒரு நிமிடச் சோதனை போதும். போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் ஜன்னல்கள் மூன்று திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் பிகின் கொடுத்து ஒரு மெயிலைச் சேர்த்துவிட்டு, கமிட் கொடுக்காமல் விடுங்கள். இரண்டாவதில் இன்னொன்றைச் சேர்த்து கமிட் கொடுங்கள். மூன்றாவதில் அந்த இன்பாக்ஸின் அதிகபட்ச யுஐடியைக் கேளுங்கள். பிறகு முதல் ஜன்னலில் கமிட் கொடுங்கள். மூன்றாவதில் ‘அதைவிடப் பெரியது ஏதாவது உண்டா’ என்று கேட்டால் பதில் காலியாக வரும்.

ஐசொலேஷனை, அதாவது டிரான்சாக்‌ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அளவை, மிகக் கண்டிப்பான சீரியலைசபிள் ஆக்கினால் தீருமா என்று பலரும் கேட்பார்கள். தீராது. 101 நுழைந்தது, பிறகு ஃபோன் படித்தது, பிறகு 100 நுழைந்தது என்பது டேட்டாபேஸின் கண்ணில் ஒழுங்கான ஒரு வரிசை. 100 என்ற எண் முதலில் வந்திருக்க வேண்டும் என்பது நமக்கும் ஐமேப்புக்கும்தான் தெரியும். அதோடு சீக்வன்ஸ் டிரான்சாக்‌ஷனுக்குக் கட்டுப்படாத ஒன்று. ரோல்பேக், அதாவது ரத்து, செய்தாலும் எடுத்த எண் திரும்பிப் போகாது.

தீர்வு எளிது. மெயில்பாக்ஸ் டேபிளில் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் ஒரு பதிவு இருக்குமே, அதிலேயே ‘அடுத்த யுஐடி’ என்று ஒரு பத்தி வையுங்கள். மெயிலைச் சேர்க்கும் டிரான்சாக்‌ஷன் அந்தப் பதிவை அப்டேட் செய்து எண்ணைக் கூட்டி, அதே கட்டளையில் ரிட்டர்னிங் மூலம் எண்ணை வாங்கட்டும். அப்டேட் செய்த நொடியிலிருந்து கமிட் வரை அந்தப் பதிவு பூட்டியிருக்கும். இரண்டாவது மெயில் தன் எண்ணை வாங்கவே முதலாவது கமிட் ஆகும் வரை காத்திருக்கும். எண் வாங்கிய வரிசையும் கமிட் வரிசையும் இனி பிரிய வழியில்லை. படிக்க வருபவர் எதையும் பூட்ட வேண்டியதில்லை. பூட்டு மெயில்பாக்ஸ் அளவில்தான் என்பதால் ஒருவர் இன்பாக்ஸ் அடுத்தவரைத் தடுக்காது.

ஆனால் இந்தப் பூட்டை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கக் கூடாது. இதில் நான் நன்றாகவே அடிபட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்காகச் செய்த சர்வரில் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, யுஐடி வாங்கி, அதன் பிறகு வைரஸ் ஸ்கேனருக்கு மெயிலை அனுப்பி, பதில் வந்ததும் கமிட் செய்யும்படி எழுதியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்கேனர் திணறியது. வாடிக்கையாளர் புகார்கள் வரும் பொது இன்பாக்ஸ் ஒன்றுக்குப் பின்னால் 80-க்கும் மேற்பட்ட கனெக்‌ஷன்கள் அதே பூட்டுக்காக வரிசையில் நின்றன. கனெக்‌ஷன் பூல் (எல்லோரும் பகிர்ந்துகொள்ளத் திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்புகள்) தீர்ந்துபோய், அந்த இன்பாக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட லாகின் செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். மெயிலை வாங்குவது, ஸ்கேன் செய்வது, தலைப்புகளைப் பிரிப்பது, ஹாஷ் (உள்ளடக்கத்தின் சுருக்க அடையாளம்) கணக்கிடுவது எல்லாம் டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே. மெதுவான இணைப்பில் எதிர் சர்வர் 20 எம்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போது உங்கள் பக்கம் ஒரு டிரான்சாக்‌ஷனும் திறந்திருக்கக் கூடாது, தற்காலிகக் கோப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். யுஐடி பூட்டு கமிட்டுக்கு முந்தைய கடைசிக் காரியமாக இருக்கட்டும்.

அடுத்து எஸ்எம்டிபி, அதாவது சர்வருக்கு சர்வர் மெயில் அனுப்பும் முறையின் பக்கம். க்ளையன்டுக்குக் கொடுத்த வாக்கு யுஐடி என்றால், அனுப்பிய சர்வருக்குக் கொடுக்கும் வாக்கு ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று பொருள்படும் 250 என்ற பதில். மெயிலின் முடிவுப் புள்ளி வந்ததும் 250 சொல்லிவிட்டால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு, சர்வர் விழுந்தது போன்ற காரணத்துக்காக அதைத் தொலைக்கக் கூடாது என்று எஸ்எம்டிபியின் விதிநூலான ஆர்எஃப்சி 5321 கண்டிப்பாகவே சொல்கிறது. எனவே கமிட் திரும்பி வந்த பிறகுதான் 250 போக வேண்டும். அதற்காக ஆறஅமர வேலை செய்யவும் முடியாது. எதிர் சர்வர் அந்தப் பதிலுக்குக் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி, எல்லோரும் அவ்வளவு பொறுப்பதில்லை. நீங்கள் கமிட் செய்துவிட்டீர்கள், 250 போவதற்குள் அவர் இணைப்பை அறுத்துக்கொண்டார் என்றால், மெயில் மறுபடி வரும். ஒரே மெயில் இரண்டாகும். 1988-லேயே இந்தச் சிக்கலுக்கென்று ஆர்எஃப்சி 1047 என்று தனியாக ஒன்று எழுதப்பட்டது.

இங்கேதான் டேட்டாபேஸின் அருமை தெரியும், எல்லா ஊழியர்களுக்கும் போகும் மெயிலுக்கு விடையும் கிடைக்கும். 200 பேருக்கு ஒரு மெயில் வருகிறது. எஸ்எம்டிபியில் அதற்கு ஒரே பதில்தான் சொல்ல முடியும். இப்போது நீங்கள் 200 மெயில்பாக்ஸ் பதிவுகளையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் பூட்டுகிறீர்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் டிரான்சாக்‌ஷனில் மெயிலை எழுதி, யார் யாருக்குப் போக வேண்டும் என்று 200 டெலிவரி பதிவுகளையும் சேர்த்துக் கமிட் செய்யுங்கள். எந்த மெயில்பாக்ஸையும் தொட வேண்டாம். 250 சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு பின்னணி வேலை ஒவ்வொரு டெலிவரியையும் தனித்தனிச் சின்ன டிரான்சாக்‌ஷனில் முடிக்கட்டும். மெயில்பாக்ஸில் பதிவைச் சேர்ப்பதும் டெலிவரி பதிவை அழிப்பதும் ஒரே கமிட்டில் நடக்க வேண்டும். 137-ஆவது ஆளை முடித்ததும் சர்வர் விழுந்தால், எழுந்ததும் 138-இலிருந்து தொடரும். யாருக்கும் இரண்டு முறை போகாது, யாருக்கும் விடுபடாது. மெயிலை வெறும் கோப்புகளாக வைக்கும் முறைகளில் இந்த உறுதி எளிதில் கிடைக்காது.

பின்னணி வேலைகள் பல ஓடினால், ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரஸ் 9.5-இலிருந்து இருக்கிறது, வேறொருவர் எடுத்த பதிவைத் தாண்டி அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: இது உள்ளூர் டெலிவரிக்கு மட்டும். வெளி சர்வருக்கு மெயில் அனுப்பும்போது அந்தப் பூட்டோடு நெட்வொர்க்கில் காத்திருக்காதீர்கள். ‘இன்ன நேரம் வரை இது என்னிடம்’ என்று எழுதிக் கமிட் செய்துவிட்டு அனுப்புங்கள். நேரம் கடந்தும் முடியவில்லை என்றால் இன்னொரு வேலை எடுத்துக்கொள்ளட்டும்.

டெட்லாக்குக்கு வருவோம். உங்கள் லாகில் இருப்பது முகவரி டேபிள். ஒவ்வொரு மெயிலிலும் உள்ள முகவரிகளை, ஏற்கெனவே இல்லையென்றால் சேர்க்கிறீர்கள். ஒரு டிரான்சாக்‌ஷன் முதலில் கணக்குப் பிரிவின் முகவரியையும் பிறகு மேலாளரின் முகவரியையும் சேர்க்கிறது. இன்னொன்று மேலாளரை முதலில், கணக்குப் பிரிவைப் பிறகு. ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் (ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடு) போட்டிருந்தாலும், வேறொருவர் கமிட் செய்யாத அதே முகவரி இருந்தால் அவர் முடிக்கும் வரை காத்திருக்கத்தான் செய்யும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். ஒரு நொடி கழித்து போஸ்ட்கிரஸ் சுழலைக் கண்டுபிடித்து ஒருவரைக் கொல்கிறது. முகவரிகளை அகர வரிசைப்படி அடுக்கிவிட்டுச் சேர்த்துவிடுங்கள், சுழல் உண்டாக வழியே இல்லை. இன்னும் நல்லது, முகவரிகளைத் தனியாக ஒரு குட்டி டிரான்சாக்‌ஷனில் முன்கூட்டியே கமிட் செய்துவிடுவது. மெயில் அப்புறம் தோல்வியடைந்தால் யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரி டேபிளில் கிடக்கும். கிடந்தால் கிடக்கட்டும்.

டூ நத்திங் ஏற்கெனவே இருக்கும் பதிவின் ஐடியைத் திருப்பித் தராது என்பதையும் கவனியுங்கள். சேர்த்த பிறகு இன்னொரு செலக்ட் தேவை. அதைத் தவிர்க்க ‘டூ அப்டேட்’ என்று போட்டு மதிப்பை மாற்றாமல் எழுதும் குறுக்குவழி உண்டு. செய்யாதீர்கள். ஒவ்வொரு மெயிலும் அந்தப் பதிவின் புதிய பிரதி ஒன்றை உண்டாக்கி, டேபிள் வீங்கும்.

ஒரே இணைப்பை 200 முறை வைக்காமல், ஹாஷ் பார்த்து ஒருமுறை வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன முறையில் 200 பேருக்கு வந்த மெயில் ஏற்கெனவே ஒரே பிரதிதான். ஐமேப்பின் காப்பி கட்டளைக்கும் ஒரு பதிவு சேர்த்தால் போதும். அதற்கு மேல், வேறு வேறு மெயில்களில் வரும் ஒரே கோப்பையும் ஒன்றாக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் இது லாபம் என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் பல ஆண்டுகள் ஒரே பிரதி முறையை வைத்திருந்து, 2010 பதிப்பில் கைவிட்டது. ஒருவரின் மெயில்கள் டிஸ்கில் அடுத்தடுத்து இருந்தால் கிடைக்கும் வேகம், மிச்சமாகும் இடத்தைவிட மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆர்க்கைவாப்டெரிக்ஸ் (Archiveopteryx) என்ற திறந்தமூல சர்வரோ போஸ்ட்கிரஸை அடியில் வைத்து, முகவரி, தலைப்பு, உடல் பகுதி என்று எல்லாவற்றையும் தனித்தனி டேபிள்களாகப் பிரித்தது. டேபிள் அமைப்புக்கு நல்ல மாதிரி தேடினால் அதன் ஸ்கீமாவைப் படித்துப் பாருங்கள், எனக்கு அது நிறையக் கற்றுக்கொடுத்தது.

ஒன்றாக்குவது என்று முடிவெடுத்தால், ‘எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்’ என்று எண்ணிக்கைப் பத்தி வைக்காதீர்கள். எல்லோருடைய கையெழுத்திலும் வரும் நிறுவன லோகோவின் பதிவு, நாள் முழுக்கப் பூட்டியே கிடக்கும். எந்த மெயிலும் சுட்டாத உடல் பகுதிகளை இரவில் தேடி அழியுங்கள். இதில் ஒரு ஆபத்து. அழிப்பவர் ‘இதை யாரும் சுட்டவில்லை’ என்று பார்த்த நொடியில், புதிய மெயில் ஒன்று அதே ஹாஷைக் கண்டு அதைச் சுட்டப் போகலாம். ஃபாரின் கீ (சுட்டப்படும் பதிவு இருந்தே ஆக வேண்டும் என்ற டேட்டாபேஸ் கட்டுப்பாடு) இருந்தால் இருவரில் ஒருவர் பிழை வாங்குவார், மெயில் மீண்டும் முயன்றால் சரியாகிவிடும். ஃபாரின் கீ இல்லையென்றால் உடலே இல்லாத மெயில் ஒன்று மிஞ்சும். வேகத்துக்காக அதை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும், இந்த ஒரு இடத்தில் கேட்காதீர்கள்.

மூன்றாவது தொல்லை, ஃபோல்டர் திறக்கும் நேரம். 40,000 மெயில் உள்ள ஃபோல்டரில் 39,951 முதல் கடைசி வரை க்ளையன்ட் கேட்கிறது. இவை யுஐடி அல்ல, வரிசை எண்கள். நீங்கள் ஆஃப்செட் 39,950 என்று போட்டு எடுக்கிறீர்கள். டேட்டாபேஸ் முதல் 39,950-ஐயும் எண்ணித் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைத் தரும். ஃபோல்டரைத் திறக்கும்போது யுஐடிகளை மட்டும் ஒருமுறை படித்து செஷனின் நினைவகத்தில் வையுங்கள். ஒரு யுஐடிக்கு 4 பைட், மொத்தம் 160 கேபி அளவுதான். வரிசை எண்ணை அங்கேயே யுஐடியாக மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் அந்தப் பட்டியல் வேண்டும். ஒரு மெயில் அழிந்தால், அதை க்ளையன்டுக்கு அறிவிக்கும் வரை வரிசை எண்கள் மாறக் கூடாது என்பது ஐமேப் விதி. டேட்டாபேஸில் இப்போது எண்ணினால் அந்தப் பழைய எண்கள் கிடைக்காது.

பிறகு 50 மெயிலுக்கு 50 க்வெரி போடாமல், யுஐடிகளை ஒரு அரேயாகக் கொடுத்து ஒரே க்வெரியில் எடுங்கள். ப்ரைமரி கீ (பதிவை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி) மெயில்பாக்ஸ், யுஐடி என்ற வரிசையில் இருக்கட்டும். பட்டியல் காட்டத் தேவையான பொருள், அனுப்புநர், தேதி, அளவு ஆகியவை உடலைத் தொடாமல் கிடைக்க வேண்டும். படிக்காதவை எத்தனை என்பதை ஒவ்வொரு முறையும் எல்லா மெயிலையும் பார்த்து எண்ண வைக்காதீர்கள், ‘படிக்காதவை’ மட்டும் உள்ள பகுதி இண்டெக்ஸ் ஒன்று போதும்.

‘படித்தது’, ‘நட்சத்திரம்’ போன்ற கொடிகளை உடலிலிருந்தும் தலைப்பிலிருந்தும் பிரித்து ஒல்லியான டேபிளில் வையுங்கள். போஸ்ட்கிரஸில் அப்டேட் என்றால் அந்தப் பதிவின் புதிய பிரதி. அகலமான பதிவில் ஒரே ஒரு கொடியை மாற்றினாலும் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும் மற்ற பத்திகளும் மறுபடி எழுதப்படும். ஆர்எஃப்சி 7162-இன் மாட்சீக் எண்ணையும் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடிக்கொண்டே போகும் எண்) ஆதரிக்கிறீர்கள் என்றால், அதற்கும் யுஐடிக்குச் சொன்ன அதே விதி பொருந்தும். மெயில்பாக்ஸ் பதிவைப் பூட்டித்தான் அடுத்த மாட்சீக்கை எடுக்க வேண்டும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. கொடி மாற்றம் தொலைந்தால் பெரிய நட்டமில்லை என்று அந்த டிரான்சாக்‌ஷன்களுக்கு மட்டும் சிங்க்ரனஸ் கமிட்டை (டிஸ்க்கில் எழுதி முடியும் வரை கமிட் காத்திருக்கும் அமைப்பு) அணைத்துவைப்பார்கள். மின்சாரம் போகிறது. க்ளையன்ட் பார்த்துவிட்ட மாட்சீக் 500, டிஸ்க்கில் எழுதப்படவே இல்லை. சர்வர் எழுந்ததும் வேறொரு மாற்றத்துக்கு அதே 500-ஐக் கொடுக்கும். க்ளையன்ட் 500-க்குப் பிறகு என்ன மாறியது என்றுதான் கேட்கும், அந்த மாற்றம் அதற்குத் தெரியாமலே போகும். எனவே அணைக்காதீர்கள். பின்தங்கி ஓடும் ரெப்ளிகாவுக்கு (டேட்டாபேஸின் நகல் சர்வர்) மாற நேர்ந்தாலும் இதே கதைதான். மாறியவுடன் எல்லா மெயில்பாக்ஸிலும் அடுத்த யுஐடியையும் மாட்சீக்கையும் சில ஆயிரம் தூக்கிவிடுங்கள். இடைவெளி இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது.

ஐமேப் செஷன் மணிக்கணக்கில் திறந்திருக்கும். டேட்டாபேஸ் கனெக்‌ஷனையோ டிரான்சாக்‌ஷனையோ அதோடு கட்டிப்போடாதீர்கள். பிகின் கொடுத்து எதையாவது எழுதிவிட்டு, கமிட் கொடுக்காமல் சும்மா இருக்கும் டிரான்சாக்‌ஷன் ஒன்று இருந்தால்கூட வேக்யூம் என்ற துப்புரவு வேலை பழைய பிரதிகளைத் துடைக்க முடியாமல் நிற்கும், கொடி டேபிள் நாள் முழுக்க ஊதும். 9.6-இலிருந்து அப்படிப்பட்டவற்றைத் தானாக அறுக்கும் டைம்அவுட் அமைப்பு உண்டு, ஒரு நிமிடம் என்று வையுங்கள். புதிய மெயிலை அறிவிக்க போஸ்ட்கிரஸின் அறிவிப்புக் கட்டளைகளான லிசன், நோட்டிஃபை போதும். கமிட் ஆனால்தான் நோட்டிஃபை போகும் என்பதால், இல்லாத மெயிலைப் போய்த் தேடும் பிரச்சினை வராது.

தேடலைப் பற்றி ஒன்று மட்டும். சொல்லின் நடுவில் வரும் எழுத்துகளையும் தேட வேண்டும் என்பது ஐமேப்பின் எதிர்பார்ப்பு, ஃபுல் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் முழுச் சொல்லாகத்தான் பார்க்கும். ‘சென்னை’ என்று தேடினால் ‘சென்னையில்’ வராமல் போகும் இடம் இது. போஸ்ட்கிரஸ் 12-இலிருந்து தமிழுக்கும் ஸ்டெம்மர் (சொல்லின் விகுதியை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் கருவி) சேர்ந்திருக்கிறது, முயன்று பாருங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே விடுபட்ட மெயில்கள். யுஐடிவேலிடிட்டியை (பழைய யுஐடிகள் இன்னும் செல்லுமா என்று க்ளையன்டுக்குக் காட்டும் எண்) மாற்றினால் எல்லா க்ளையன்டும் எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். சரியான மருந்துதான், ஆனால் 40,000 மெயில் உள்ளவரின் ஃபோனுக்கு அது தண்டனை. நான் செய்வது வேறு. முதலில் யுஐடி வழங்கும் முறையைத் திருத்தி ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மெயில்பாக்ஸாகப் பூட்டி, இன்னும் படிக்கப்படாத மெயில்களுக்கு மட்டும், பழைய வரிசை மாறாமல், புதிய யுஐடிகள் கொடுங்கள். பழைய யுஐடிகளை அழிந்தவை என்று பதியுங்கள். அதன் பிறகு செஷன்களை ஒருமுறை அறுத்து மறுபடி இணைய விடுங்கள். ஃபோன் பார்க்காமல் விட்ட மெயில் அநேகமாக இந்தப் படிக்காதவைக்குள்தான் இருக்கும். அது 102-க்கு மேலான ஒரு எண்ணோடு வரும்போது ஃபோன் தானாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும். வெப்மெயிலில் படித்துவிட்டவை ஃபோனில் இல்லை என்று யாராவது சொன்னால், அவர் மெயில்பாக்ஸுக்கு மட்டும் யுஐடிவேலிடிட்டியை மாற்றுங்கள்.